மீன் காரும் மெத்தைக் காரும்

மார்ச் 3

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் சொன்னபடி சட்டைப்பையில் இருந்த மைக்கறையைப் பாலில் ஊறவைத்தேன். அதோடு நிறுத்தாமல் வெளுப்புத் தூளையும் கொஞ்சம் போட்டேன். கறை போய்விட்டது, சட்டையின் நிறமும் கூடவே போய்விட்டது. நாலு ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துத் தரும் சலவைக்கூடத்தின் முதலாளியான உங்களிடம் யோசனை கேட்டுவிட்டு, சொந்த மூளையையும் சேர்த்தது என் தப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் கல்யாண நாளுக்கு நாம் இருவரும் சேர்ந்து ஒரு பேட்டரிக் கார் வாங்கித் தருவது என்று முடிவு செய்தோமே, நேற்று அதற்காகக் கிளம்பினேன். இங்கே எதிரெதிரே இரண்டு ஷோரூம்கள். ஒன்றில் பார்த்ததும் இதுதான் என்று தோன்றியது. எதிர்ப்பக்கம் போனதும் இல்லை, இதுதான் என்று தோன்றியது. நாலு தடவை ரோட்டைக் கடந்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இரண்டுமே பெரிய மனிதர்கள் போகிற செடான் ரகம். முதலாவது தாழ்வாக, வழுவழுவென்று, இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்த மாதிரி இருக்கிறது. அதற்கு மீன் என்று பெயர் வைத்திருக்கிறேன். கூரை முழுக்கக் கண்ணாடி. உள்ளே பொத்தான் என்று ஒன்று கிடையாது, எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கும் திரையைத்தான் தடவ வேண்டும். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. இன்னொன்று உயரம், அகலம். கதவு வீட்டுக் கதவு மாதிரித் திறக்கிறது. அது மெத்தை. அதன் முன்சீட் நம் முதுகைப் பிடித்துவிடுகிறது. உள்ளே யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தேன். சார்ஜ் ஏற்றினால் மீன் போகிற தூரத்துக்கு மெத்தை போகாது. ஆனால் மெத்தையில் போனால் போய்ச் சேராவிட்டாலும் பரவாயில்லை என்று இருக்கிறது.

இரண்டு ஷோரூமிலும் என் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறேன். மே முடிவதற்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நமக்கு வேண்டியது என்ன என்பதை மறந்துவிடக் கூடாது சம்பந்தியம்மா. அவர்கள் இருவரும் ஒன்றாக ஏறி, ஒன்றாக என் வாசலிலும் உங்கள் வாசலிலும் வந்து இறங்க வேண்டும். ஒரு வருடமாக அது நடக்கவில்லை. என் மகள் பாப்பா வந்தால் ரயிலில் தனியாக வருகிறாள். மாப்பிள்ளை வந்தால் தனியாக வருகிறார். கேட்டால் பழைய கார் இத்தனை தூரம் தாங்காது என்கிறார்கள். சரி, தாங்குகிற காரைக் கொடுத்துவிடுவோம். அப்புறம் என்ன சாக்குச் சொல்வார்கள் பார்ப்போம்.

எனக்கு ஒரு யோசனை. நேராகக் கேட்டால் வேண்டாம் என்பார்கள். நீங்கள் உங்கள் மகனிடம் "அவளுக்கு எப்படிப்பட்ட கார் பிடிக்கும்" என்று கேளுங்கள். நான் பாப்பாவிடம் "அவருக்கு எப்படிப்பட்டது பிடிக்கும்" என்று கேட்கிறேன். கட்டியவர்களுக்குத் தெரியாதா? இரண்டு பதிலையும் சேர்த்தால் கார் வந்துவிடும்.

போனில் கூப்பிடாதீர்கள். லிஃப்ட் மோட்டார் அறைகளில் நின்று நின்று என் காது போனதுதான் உங்களுக்குத் தெரியுமே. கம்பெனியை விற்றுவிட்டேன், காதை யாரும் திருப்பித் தரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மார்ச் 11

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மேசையில் விரித்து வைத்திருந்தேன். கணக்குப் பார்க்க வருகிற பெண் "மீன், மெத்தை" என்று படித்துவிட்டு, வீடு மாறுகிறீர்களா அம்மா என்று கேட்கிறாள்.

போனில் உங்களோடு பேசும் எண்ணம் எனக்கு இல்லை. போன தடவை நான் "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றேன், நீங்கள் "ஆமா, வியாழக்கிழமை" என்றீர்கள். குறுஞ்செய்தியும் அனுப்ப மாட்டேன். என் மகன் துரை என் போனில் என்னவோ செய்து வைத்திருக்கிறான், எனக்கு வருவதெல்லாம் அவன் கணினியிலும் போய் விழுகிறது. கடிதம்தான் சரி.

துரை ஞாயிற்றுக்கிழமை வந்தான். தனியாகத்தான். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"ஏண்டா, கார்னா உன் பொண்டாட்டிக்கு எது பிடிக்கும்?"

"எதுக்கும்மா கேக்குற?"

"சும்மாதான். கடைக்கு ஒண்ணு வாங்கலாம்னு பாக்குறேன். அவ ரசனை நல்லா இருக்கும்ல?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சொல்ல மாட்டான் என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். அப்புறம் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை சம்பந்தி.

"அவளுக்கு ஓட்டத் தெரியாதும்மா. நான் சொல்லிக் குடுக்கப் போய் ரெண்டு நாள் பேசாம இருந்தா. பக்கத்து சீட்டுதான் அவளுக்கு. செருப்பைக் கழட்டிட்டு ஒரு காலை மடக்கி வச்சுக்கிட்டுத்தான் உக்காருவா, அதுக்கு சீட் அகலமா இருக்கணும். ஊர் எல்லை தாண்டுறதுக்குள்ள தூங்கிடுவா. ஏசி காத்து கண்ணுல பட்டா தலைவலி வந்துரும், அதை நான் என் பக்கம் திருப்பி வச்சுக்குவேன். வேகமா போனா சொல்ல மாட்டா, கதவுப் பிடியை இறுக்கிப் பிடிச்சுக்குவா. அதைப் பாத்து நான்தான் குறைச்சுக்கணும்."

இதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. தன் துண்டு எங்கே கிடக்கிறது என்று தெரியாதவன் இத்தனையும் கவனித்திருக்கிறான். அவனுடைய அப்பாவுக்கு நான் காப்பியில் சர்க்கரை போடுவேனா மாட்டேனா என்று கடைசி வரை தெரியாது.

சந்தேகமே வேண்டாம். மெத்தையை எடுங்கள்.

சட்டைக்கு இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மாள்


மார்ச் 18

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கண் கலங்கியது. இரண்டாம் தடவை குழப்பம் வந்தது. மூன்றாம் தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன், குழப்பம் அப்படியேதான் இருந்தது.

பாப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியும்.

தெரியும் என்றால், நன்றாகவே தெரியும். சனிக்கிழமை வந்திருந்தாள். எதிர் வீட்டுக்காரர் தன் காரைச் சந்துக்குள் திருப்ப முடியாமல் வேர்த்து நின்றார். இவள் போய் "குடுங்க சார்" என்று சாவியை வாங்கி, ஒரே திருப்பில் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "எப்ப கத்துக்கிட்ட?" என்றால், "போன வருஷமே. ஆபீஸ் வண்டியை தினமும் நான்தாம்ப்பா எடுக்குறேன்" என்கிறாள். வேகமாக ஓட்டுவது அவளுக்குப் பிடிக்கிறதாம். யார், வண்டியில் ஏறினால் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறவள்!

மாப்பிள்ளைக்கு இது எப்படித் தெரியாமல் போகும்? ஒரு நாள் திடீரென்று ஓட்டிக் காட்டி அவரை அசத்த வேண்டும் என்று மறைத்து வைத்திருக்கிறாளோ? அவள் சின்ன வயதிலிருந்தே அழுத்தக்காரி. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி அவள் சொன்ன பதில். மாப்பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்டதும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். என் பக்கம் திரும்பிப் பேசினால்தான் எனக்குக் கேட்கும், அதனால் கையைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

"அவருக்கு மெதுவா போற எதுவும் ஆகாதுப்பா. பச்சை விழுந்தா முதல் ஆளா போகணும். எந்த மெஷினைக் குடுத்தாலும் அரை மணி நேரத்துல கத்துக்குவார், பொத்தானே இல்லைன்னா இன்னும் குஷி. மேல வானம் தெரிஞ்சா நல்லது, சிக்னல்ல நிக்கும்போது அண்ணாந்து பாத்துட்டு இருப்பார், பின்னாடி இருக்கவன் ஹாரன் அடிப்பான். பேட்மிண்டன் பை நீளவாக்குல உள்ள போகணும். போகலைன்னா அந்தக் கார் வேண்டாம்னுடுவார்."

ஆக, மாப்பிள்ளைக்கு மீன். பாப்பாவுக்கு மெத்தை என்று அவர் சொல்கிறார். ஆனால் பாப்பா இப்போது மீன் பக்கம் போய்விட்டாள் போலிருக்கிறது. மீனையே எடுத்துவிடவா?

உங்கள் சம்பந்தி


மார்ச் 26

சம்பந்தி அவர்களுக்கு,

மீனை எடுக்காதீர்கள். அந்தத் தாழ்ந்த சீட்டில் என் மகனால் உட்கார முடியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று துரை என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தான், ஆனாலும் சொல்கிறேன். ஜனவரியில் அவனுக்கு இடது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. பேட்மிண்டன் ஆடும்போது பிசகி, உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது. நான்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தேன். போன மாதம் வரை கோல் ஊன்றித்தான் நடந்தான். இனி ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையையும் மட்டையையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான்.

"அவ எங்கடா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "ஆபீஸ் வேலையா வெளியூர் போயிருக்காம்மா" என்றான். "மாமாகிட்ட சொல்லாத, வருத்தப்படுவார்" என்றும் சொன்னான். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இப்போது உங்கள் கடிதத்தைப் படித்தால் மனசு ஆறவில்லை. புருஷன் முட்டியை அறுத்துத் தைத்திருக்கிறார்கள். அவள் பேட்மிண்டன் பை நீளவாக்கில் போக வேண்டும் என்கிறாள். எந்த வெளியூருக்குப் போனால் இது தெரியாமல் போகும்? உங்கள் பெண்ணை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. ஆனால் கேட்கிறேன்.

சம்பந்தியம்மாள்


ஏப்ரல் 2

சம்பந்தியம்மாவுக்கு,

மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் என்று படித்ததும் பதறிப்போனேன். இப்போது எப்படி இருக்கிறார்? எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் வருத்தப்படுவேன் என்று மறைத்தீர்களாம். இப்போது மட்டும் என்ன, ஆனந்தப்படுகிறேனா?

என் மகளுக்கு ஈவு இரக்கம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எனக்குக் காது மந்தமானதும், பேசும்போது என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று தெருவில் எல்லோருக்கும் சொல்லி வைத்தவள் அவள்.

பாப்பாவிடம் முட்டியைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஒன்று கேட்டு எழுதினேன். பேட்டரிக் கார் என்றால் வீட்டில் சார்ஜ் ஏற்ற வசதி வேண்டும். ஒரு நண்பருக்காக விசாரிப்பதாகச் சொல்லி, "உங்கள் கட்டடத்தில் வசதி உண்டா?" என்றேன். "இருக்குப்பா, எங்க வீடு தரைத்தளம்தானே, வாசல்லயே பிளக் இருக்கு" என்று பதில் போட்டிருக்கிறாள்.

சம்பந்தியம்மா, அவர்கள் வீடு மூன்றாம் மாடி. குடிபுகுந்த அன்று நான் அந்த லிஃப்ட்டில் ஏறி இறங்கி, கதவு சாத்தும் சத்தம் சரியில்லை என்று சொல்லி உங்களிடம் திட்டு வாங்கினேனே.

இன்னொன்றும் மண்டையைக் குடைகிறது. ஒரு வருடமாக நான் வருகிறேன் என்றால், "லிஃப்ட் ரிப்பேர்ப்பா, உங்களால மாடி ஏற முடியாது" என்கிறாள். நானும் நம்பினேன். எந்த லிஃப்ட்டும் ஒரு வருடம் ரிப்பேராக நிற்காது. இந்தத் தொழிலில் தலை நரைத்தவன் நான், இது எனக்குத் தெரியாதா? தெரியும். பெற்ற பெண் சொல்கிறாள் என்று தெரிந்ததையும் மறந்திருக்கிறேன்.

உங்கள் மகனிடம் அதே கேள்வியைக் கேளுங்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 9

சம்பந்தி,

கேட்டேன். "பிளக்கெல்லாம் கிடையாதும்மா, மூணாவது மாடியில ஏது?" என்றான். லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்டேன். "அது என்னைக்கு நின்னுச்சு?" என்றான்.

அதற்குமேல் நான் சுற்றி வளைக்கவில்லை. அவன் துவைக்கக் கொண்டுவந்திருந்த துணி மூட்டையை அவன் எதிரிலேயே பிரித்தேன். என் வேலை துணி. ஒரு சட்டையை மோந்து பார்த்தால் எந்த சோப்பு என்று சொல்லிவிடுவேன். அந்த வீட்டுத் துணியில் எப்போதும் மருமகள் வாங்கும் திரவ சோப்பின் வாசனைதான் வரும். கொஞ்ச காலமாக இவன் சட்டைகளில் காரமான மலிவுத் தூளின் வாசனை. கவனிக்காமல் இல்லை. சோப்பை மாற்றிவிட்டாள், நமக்கென்ன என்று இருந்தேன்.

"சோப்பை மாத்துனது யாருடா?" என்றேன். "நான்தான்" என்றான். "அவ எங்க?" என்றேன். அழுதுவிட்டான் சம்பந்தி. அப்பா செத்தபோதுகூட இப்படி அழவில்லை.

பிரிந்து ஒரு வருடம் ஆகிறதாம். அதே ஊரில் அவள் வேறு வீட்டில் இருக்கிறாள். யார் மேலும் தப்பு இல்லையாம். "ரெண்டு பேரும் நல்லவங்கதாம்மா. ஒரே வீட்டுல இருந்தா மட்டும் மூச்சு முட்டுது. சண்டை கூட இல்ல. அவ ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்ல, நடுவுல டிவி ஓடும்." இதைச் சொல்வதற்கு இவ்வளவு படித்திருக்க வேண்டுமா?

எங்களிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உனக்கும் மாமாவுக்கும் நடுவுல வாரா வாரம் லெட்டர் போகுது. நாங்க பிரிஞ்சது தெரிஞ்சா அது நின்னு போயிடும்லம்மா? அவதான் முதல்ல சொன்னா. எங்கப்பாவுக்குக் காது போனதுலேர்ந்து பேச்சுத் துணைன்னா அத்தை லெட்டர்தான், கொஞ்ச நாள் போகட்டும்னு. நானும் சரின்னேன். கொஞ்ச நாள், கொஞ்ச நாள்னு போயிடுச்சு."

காரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

சம்பந்தியம்மாள்


ஏப்ரல் 15

அம்மா அவர்களுக்கு,

பாப்பா ஒப்புக்கொண்டாள். அவளும் அழுதாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஓட்டக் கற்றுக் கொடுக்கிறேன் என்று உங்கள் மகன் ரோட்டில் வைத்துக் கத்தியதில்தான் இரண்டு நாள் பேசாமல் இருந்தாளாம். பிரிந்து வந்த மறுமாதமே வேறு இடத்தில் சேர்ந்து கற்றுக்கொண்டாளாம். ஒரு பெண்ணுக்குப் பக்கத்து சீட்டுதான் என்று எழுதி வைத்துவிட்டு, அதைக் கவனிப்பு என்று நீங்கள் பெருமைப்படுகிறீர்கள். நானும் கண் கலங்கினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்


ஏப்ரல் 20

ஐயா,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன், அவள் மேல் ஒரு சொல் வராமல் வெளியூர் போயிருக்கிறாள் என்று பொய் சொன்னான். அதற்குப் பெயர் என்ன என்று உங்கள் பெண்ணிடம் கேட்டு எழுதுங்கள். எழுதாவிட்டாலும் சரி.


மே 12

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, அதனால் இப்படியே கூப்பிடுகிறேன்.

மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் எழுதவில்லை. தபால்காரர் நேற்று கடந்து போகும்போது கையை விரித்துக் காட்டினார். அந்த மனிதருக்கு நான் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியவன் மாதிரி வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் எதற்குப் பயந்து ஒரு வருடம் நாடகம் ஆடினார்களோ, அது அவர்கள் நிறுத்திய மறு வாரமே நடந்துவிட்டது. அவர்கள் நம்மைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார்கள்.

உங்கள் கேள்வியைப் பாப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துக் கொடுத்தாள். அப்புறம் "எந்த முட்டிப்பா?" என்றாள். இடது என்றேன். "மாடி ஏற முடியுதா?" என்றாள். லிஃப்ட் இருக்கிறதே என்றேன். அவ்வளவுதான் பேச்சு. இதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது? அக்கறை இருக்கிறது என்றா, பிரிந்தவர்கள் இவ்வளவுதான் கேட்பார்கள் என்றா? எனக்குப் பிடிபடவில்லை. அவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று ஒரு நாள் தோன்றுகிறது. அந்த நினைப்பே அசட்டுத்தனம் என்று மறுநாள் தோன்றுகிறது.

இரண்டு ஷோரூம்காரர்களும் துரத்துகிறார்கள். அவருக்கு முட்டி மடங்காது, மெத்தைதான் வேண்டும். அவள் ஓட்டுகிறாள், மீன்தான் வேண்டும். அவர் அவளுக்குச் சொன்னது அவருக்குப் பொருந்துகிறது. அவள் அவருக்குச் சொன்னது அவளுக்குப் பொருந்துகிறது. இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைக்கிற கார் அந்தத் தெருவில் இல்லை. இத்தனைக்குப் பிறகும் நான் தினமும் போய் இரண்டையும் பார்த்துவிட்டு வருகிறேன். பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


மே 19

சம்பந்தி,

திட்டுவதற்கு வேண்டியது இருக்கிறது, நேரில் வைத்துக்கொள்கிறேன்.

நானும் இந்த மூன்று வாரம் சும்மா இல்லை. இங்கே இருக்கிற ஷோரூமில் மெத்தை நிற்கிறது. போய் அதில் உட்கார்ந்தேன். விற்கிற பெண் நல்ல மாதிரி, "யாருக்கும்மா வண்டி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். மகனுக்கும் மருமகளுக்கும் என்று வாய் வரை வந்துவிட்டது. முதுகைப் பிடித்துவிடுகிற பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் எனக்கு முதுகுவலி என்று நினைத்துக்கொண்டாள்.

நான் யோசித்தது இதுதான். அவர்களை நாம் சேர்த்து வைக்கவும் வேண்டாம், பிரித்து வைக்கவும் வேண்டாம். இருவரும் வந்து, நம் இருவர் எதிரிலும் உட்கார்ந்து, உண்மையைச் சொல்லட்டும். உங்களிடம் பாப்பா தனியாக அழுவதும் என்னிடம் துரை தனியாக அழுவதும் போதும். உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம், நீங்கள்தான் அலைய முடியாதவர். மே கடைசி ஞாயிற்றுக்கிழமை. துரையிடம் சொல்லிவிட்டேன், மறுக்கவில்லை. உங்கள் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நாங்கள் வந்து வாசலில் நிற்கிற வேலை வேண்டாம்.

எதிர்பார்த்துக்கொண்டு வரவில்லை என்று எழுத ஆசை. பொய் எழுதிப் பழக்கமில்லை. அவர்கள் சேர்ந்துவிட மாட்டார்களா என்றுதான் வருகிறேன்.

சம்பந்தியம்மாள்


ஜூன் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று நினைக்கிறேன். நேரில் பார்த்துப் பேசிவிட்டு இரண்டு நாளில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். மத்தியானம் நீங்கள் களைத்துப்போய் உள்ளே படுத்துவிட்டீர்கள். அப்போது நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அதற்காகத்தான்.

முதலில் அந்த இரண்டு கார் கூத்தைச் சொல்லி நீங்கள் சிரித்தது எனக்கு இன்னும் ஆறுதலாக இருக்கிறது. ஒரு நாள் ஓட்டிப் பார்க்க என்று நான் ஷோரூமில் மீனைக் கேட்டு வாங்கி வாசலில் நிறுத்தியிருக்க, எனக்குச் சொல்லாமல் நீங்களும் அதே மாதிரி மெத்தையை வாங்கி, மாப்பிள்ளை ஓட்ட அதில் வந்து இறங்கினீர்கள். நம் இருவருக்கும் மனதுக்குள் ஒரே திருட்டு ஆசை. எதிர் வீட்டுக்காரர் "சார், கார் வியாபாரம் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டதற்கு, காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இந்த ஒரு சௌகரியம் எனக்கு உண்டு.

அவர்கள் பேசியதை நீங்களும் கேட்டீர்கள். கோபம் இல்லாமல், ஒருவர் மேல் ஒருவர் பழி போடாமல், வக்கீலைப் பார்த்தாயிற்று என்று பாப்பா சொன்னதும் நீங்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போனீர்கள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு இருந்தேன். வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது.

நீங்கள் படுத்த பிறகு, மேசையில் இருந்த மீனின் சாவியை, அட்டை மாதிரி இருக்குமே அதை, பாப்பா எடுத்தாள். மாப்பிள்ளை தலை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எப்படி ஓடுதுன்னு பாக்கணும். வரீங்களா? முட்டி மடங்குமா?"

"சீட்டைப் பின்னால தள்ளினா மடங்கும்."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, உடம்பைத் திருப்பித் திருப்பி உள்ளே இறங்கினார். அவள் கை கொடுக்கவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்து முடிக்கும் வரை எங்கோ பார்க்கிற மாதிரி நின்றாள். அப்புறம் போனார்கள்.

நான் தெருவிலேயே நின்றேன். அந்தக் காருக்குச் சத்தம் கிடையாது, எனக்குக் காது கிடையாது. திரும்பி வருவதைப் பார்த்தால்தான் உண்டு. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எங்கேயாவது நிறுத்திப் பேசுகிறார்களோ என்று நினைத்தேன். அப்படியே இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். உங்களை எழுப்பி அதைச் சொல்லலாமா என்றுகூட உள்ளே இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

வந்தார்கள். தெரு முனையில் திரும்பி, மரத்தடி தாண்டி, என் வாசலை நோக்கி ஒன்றாக வந்தார்கள். என் மகள் ஓட்டினாள், உங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருவருடைய வாயும் அசைந்தது. சிரிக்கிறார்களா, சண்டை போடுகிறார்களா, விடை சொல்லிக்கொள்கிறார்களா, எனக்குத் தெரியவில்லை. நாம் ஆசைப்பட்டது இதுதானே சம்பந்தியம்மா? ஒரே காரில் இருவரும் வந்து வாசலில் இறங்க வேண்டும். நான் கையைத் தூக்கி ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள். சந்தோஷமும் வந்தது, அதே சமயம் அழுகையும் வந்தது. இரண்டில் எது என்று என்னைக் கேட்காதீர்கள்.

இறங்கியதும் பாப்பா சாவி அட்டையை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை, "நீயே வச்சுக்க" என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அவளும் வைத்துக்கொள்ளவில்லை. என்னிடம் கொடுத்துவிட்டாள். "நல்ல வண்டிப்பா" என்றாள். மாப்பிள்ளை என் காதருகே வந்து, "எப்படி ஓட்டுறா பாத்தீங்களா மாமா" என்றார். மாமா என்றுதான் சொன்னார்.

அப்புறம் அவர் உங்களை எழுப்பி மெத்தையில் ஏற்றிக்கொண்டு போனார். அவளை நான் ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டேன்.

இன்று காலை இரண்டு ஷோரூமுக்கும் போய் என் பெயரை அடித்துவிடச் சொன்னேன். காவலாளி எழுந்து நின்று சல்யூட் வைத்தார். மூன்று மாதப் பழக்கம் அல்லவா. இனி என்ன காரணம் சொல்லி அந்தப் பக்கம் போவேன் என்று தெரியவில்லை.

ரயில் கிளம்பும் முன் பாப்பா ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்து, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்: "அத்தைக்கு லெட்டர் எழுதுறத விட்டுடாதீங்கப்பா."

எழுதிவிட்டேன். பதில் போடுங்கள்.

உங்கள் சம்பந்தி